வீட்டில் பிள்ளைகளைப் பராமரிக்கும் சகோதரிகளுக்கு: மாதக் கட்டணம் குறித்து ஒரு திறந்த மடல்

திருகோணமலை நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தங்கள் வீட்டிலேயே பிறர் பிள்ளைகளைப் பகல் முழுவதும் பராமரித்துவரும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும்,

வணக்கம்.

உவர்மலையில் என் வீட்டு விறாந்தையையும் அதையடுத்த அறையையும் பிள்ளைகளுக்கென ஒதுக்கி, 2018ஆம் ஆண்டிலிருந்து நான் இந்த வேலையைச் செய்துவருகிறேன். இன்று என்னிடம் ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களில் பலரைக் கோயில் வீதியிலும் சந்தையிலும் சந்திக்கும்போது பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றியும், சோறு உண்ண மறுப்பவனைப் பற்றியும், ஏணையை விட்டு இறங்க மறுப்பவளைப் பற்றியும் மனந்திறந்து பேசுகிறோம். ஆனால் மாதம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்ற கேள்வி வந்தவுடன் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. ஏதோ செய்யத் தகாததைச் செய்பவர்கள்போல ஒரு தொகையை மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறோம். அந்தத் தொகையைப் பற்றித்தான் இம்மடலை எழுதுகிறேன்.

நான் தொடங்கிய ஆண்டில் என் கட்டணத்தைத் தீர்மானித்த விதம் உங்களில் பலருக்கும் பழக்கமானதாகவே இருக்கும். பக்கத்துத் தெருவில் 5,500 ரூபா வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். புதிதாகத் தொடங்குபவள் என்பதால் 5,000 என்று சொன்னேன். அந்த 5,500 எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. பிற்பாடு விசாரித்தபோது, அவரும் இன்னொருவரிடம் 6,000 என்று கேட்டுத்தான் 500ஐக் குறைத்திருந்தார் என்று தெரிந்தது. ஆக, அரிசி என்ன விலை, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை கைகள் என்ற கணக்கு எதுவுமே இல்லாமல், ஒருவரைப் பார்த்து ஒருவர் குறைத்துக்கொண்டே வந்த தொகையை நாங்கள் எல்லோரும் சந்தை விலை என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த 5,000 ரூபாவை ஐந்து ஆண்டுகள் தொடவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பிள்ளைகள் வராத மாதங்களுக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. மீண்டும் திறந்தபோது பெற்றோரும் அடிபட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அதே தொகையில் தொடர்ந்தேன். 2021 அக்டோபரில் எரிவாயுவின் கட்டுப்பாட்டு விலை நீக்கப்படும் முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஜூலையில் 4,910 ரூபாவாயிற்று. 2021இன் முற்பகுதியில் 380 ரூபாவுக்கு வாங்கிய 400 கிராம் பால்மா, அடுத்த மார்ச்சில் 790 ரூபா. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. அடுத்த பெப்ரவரியில் அதன்மேல் இன்னும் 66 சதவீதம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலையேற்றம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. இந்த எண்ணிக்கைகளை நான் பிறகுதான் வாசித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மாதத்தின் இருபதாம் திகதிக்குப் பிறகு பிள்ளைகளின் பருப்புக் கறியில் தண்ணீர் கூடிக்கொண்டு போகிறது என்பது மட்டும்தான்.

அந்த ஆண்டு நவம்பரில் ஓர் இரவு, என் மகளின் பழைய கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் முதல்முறையாகக் கணக்கை எழுதினேன். ஏழு பிள்ளைகளிடமிருந்து வரவு 35,000. உணவுக்கு 15,500, எரிவாயுவுக்கு 4,000, அரைநாள் உதவிக்கு வரும் தங்கைக்கு 9,000, மின்சாரமும் தண்ணீரும் வழக்கத்தைவிடக் கூடியதற்கு 1,500, சவர்க்காரம், கிருமிநாசினி, துணி, பாய் இவற்றுக்கு 2,000, மருந்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 1,000. மொத்தம் 33,000. கையில் மிஞ்சியது 2,000 ரூபா. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை, மாதத்தில் 22 நாள், 220 மணித்தியாலம் உழைத்ததற்கு மணிக்கு ஒன்பது ரூபா. என் வீட்டுச் செலவுக்கு என் கணவரின் சம்பளம் இருந்தது என்பதால்தான் இதை அதுவரை நான் காணாமல் இருந்தேன். அவருடைய சம்பளத்திலிருந்து ஏழு வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் உதவிப்பணம் கொடுத்துவந்திருக்கிறோம். அது உதவி என்று எங்களுக்கும் தெரியவில்லை, பெற்றோருக்கும் தெரியவில்லை.

அந்தக் கணக்கைப் பார்த்தவுடன் நான் செய்தது அதைவிடப் பெரிய பிழை. டிசம்பர் 28ஆம் திகதி மாலை, பிள்ளைகளை அழைத்துச்செல்ல வந்தவர்களிடம் படலையில் நின்றபடியே, ஜனவரி முதல் 9,000 ரூபா என்று வாயால் சொன்னேன். இரண்டு மாதத்துக்குள் நான்கு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவன் இரண்டரை வயதுப் பையன்; மத்தியானத்தில் என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் அவனுக்கு நித்திரை வரும். அவனுடைய தாய் மட்டக்களப்பிலிருந்து இடமாற்றம் பெற்று வந்த ஓர் உத்தியோகத்தர். பிள்ளையை ஊரில் அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வார இறுதியில் மட்டும் போய்ப் பார்த்து வரத் தொடங்கினார். கடைசி நாளன்று அவர் என்னிடம், “அக்கா, ஒன்பதாயிரம் கூட என்று நான் சொல்லமாட்டேன். மூன்று மாதத்துக்கு முன்னமே சொல்லியிருந்தால் நான் எங்கேயாவது சுருக்கியிருப்பேன். மூன்று நாளில் நான் என்ன செய்வேன்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் நான் குறைவாக வாங்கியது அவருக்கு நன்மையாகவும் முடியவில்லை.

பிறகு அமர்ந்து கணக்குப் பார்த்தேன். 2018இல் 5,000 ரூபாவில் தொடங்கி ஆண்டுக்குப் பத்து வீதம் கூட்டிவந்திருந்தால், 2023 ஜனவரியில் கட்டணம் 8,050 ரூபாவில் நின்றிருக்கும். கொரோனா ஆண்டை விட்டுவிட்டாலும் 7,300ஐத் தாண்டியிருக்கும். அந்த நிலையில் 9,000 என்பது எவருக்கும் இடியாக விழுந்திருக்காது. நான் இரக்கம் என்று நினைத்துச் செய்ததெல்லாம், ஒவ்வோர் ஆண்டும் ஐந்நூறு முதல் எழுநூறு ரூபா அளவில் பங்கிட்டுச் சுமந்திருக்கக்கூடிய பாரத்தைச் சேர்த்துவைத்து, மிகக் கஷ்டமான ஆண்டில் ஒரே நாளில் அவர்கள் தலையில் இறக்கியதுதான்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான்: கட்டணத்தை அயலாரின் விலையைப் பார்த்துத் தீர்மானிக்காமல் உங்கள் சொந்தக் கொப்பியிலிருந்து எடுங்கள், எடுத்த பின் அதை ஆண்டுக்கு ஒருமுறை, சிறிய அளவில், போதிய காலம் முன்னதாக எழுத்தில் அறிவித்து உயர்த்துங்கள்.

கொப்பியிலிருந்து எடுப்பது என்றால் என்ன என்பதை என் இந்த ஆண்டுக் கணக்கை வைத்தே காட்டுகிறேன். இலகுவுக்காக எல்லாப் பிள்ளைகளும் இரண்டு வயதைத் தாண்டியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவில் இரண்டு வகை உண்டு. பிள்ளைகள் நான்கு பேர் வந்தாலும் ஏழு பேர் வந்தாலும் மாறாத செலவு ஒன்று. தலைக்குத் தலை கூடுகிற செலவு மற்றையது. மாறாத செலவில் முதலில் நிற்பது உதவிக்கு வருபவரின் சம்பளம். அரைநாள் உதவிக்கு நான் கொடுப்பது 16,000. அதன்மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சேர்த்து 18,400. மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றுக்கும் 8,000. கழுவ, துடைக்க, துவைக்க வேண்டியவற்றுக்கு 4,600. உடைவது கிழிவதற்கும் சுவருக்கு வெள்ளையடிப்பதற்குமென மாதந்தோறும் ஒதுக்கிவைப்பது 5,000. இவை சேர்ந்து 36,000. உணவு தலைக்கு நாளுக்கு 150 ரூபா வீதம், 22 நாளைக்கு 3,300. காலைக் குரக்கன் கஞ்சி, மத்தியானச் சோறும் பருப்பும் ஒரு கீரையும், வாரத்தில் மூன்று நாள் முட்டை அல்லது முள் எடுத்த மீன், மாலையில் பழம் என்று சமைத்துப் பார்த்தால் இதற்குக் கீழே இறங்க முடியவில்லை.

இதற்குப் பிறகுதான் நம்மில் அனேகர் எழுதாமல் விடுகிற வரி வருகிறது. அது நம்முடைய சம்பளம். கடையில் நிற்கும் பிள்ளைக்குச் சம்பளம் உண்டு, உதவிக்கு வரும் தங்கைக்குச் சம்பளம் உண்டு. வீட்டுக்காரிக்கு மட்டும் மிஞ்சினால் உண்டு, மிஞ்சாவிட்டால் இல்லை என்று வைத்திருக்கிறோம். நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ஆகப் படிப்படியாக உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. என்னிடம் பிள்ளையை விடும் தாய்மாரில் பெரும்பாலோர் அந்தச் சம்பளத் திட்டத்தின் கீழ் வருபவர்கள். அவர்கள் வேலைக்குப் போவதற்காகவே நான் வேலை செய்கிறேன். ஆகவே என் சம்பளத்துக்கும் 40,000 என்றே எழுதினேன். அதை எழுதும்போது கை சற்றுத் தயங்கியது உண்மை. நீங்களும் தயங்குவீர்கள், தயங்கினாலும் எழுதுங்கள்.

36,000உம் 40,000உம் சேர்ந்து 76,000. இதை ஏழால் பிரிக்கவேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஏழால் பிரித்தால் உணவுடன் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 14,157 வருகிறது. ஆனால் ஏழு இடமும் ஆண்டு முழுவதும் நிரம்பியிருந்த ஆண்டு எனக்கு ஒன்றுகூட இருந்ததில்லை. ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போவார். ஒரு பிள்ளை பாலர் பாடசாலைக்கு மாறும். புதிய பிள்ளை வர இரண்டு மாதமாகும். ஆகவே ஓர் இடம் வெறுமையாக இருக்கும் என்று வைத்து ஆறால் பிரிக்கவேண்டும். அப்போது 15,967, ஏறத்தாழ 16,000 ரூபா. இந்த ஒரு படியைத் தவறவிட்டவர்கள் கணக்குப் போட்டும் நட்டப்படுவார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான் வாங்குவது 16,000 அல்ல, 14,500. ஏழு பிள்ளைகளும் முழுக் கட்டணத்துடன் வரும் மாதத்தில் உணவும் மாறாத செலவும் போக என் கையில் நிற்பது 42,400. ஒருவர் நின்றுவிட்டால் 31,200. அதாவது ஓர் இடம் காலியானவுடன் குறைந்தபட்ச வேதனத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறேன். என் பெற்றோரால் தாங்கக்கூடியதைப் பார்த்து இந்த இடைவெளியை நானே ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன், எதிலிருந்து விட்டுக்கொடுக்கிறேன் என்பது இன்று எனக்குத் தெரியும். மணிக்கு ஒன்பது ரூபாவுக்கு உழைத்த நாட்களில் அது தெரியாது. தெரியாமல் விட்டுக்கொடுத்தால் அது கடைசியில் பிள்ளைகளின் தட்டிலிருந்துதான் போகிறது; அல்லது, கட்டணத்தைக் கூட்டப் பயந்து எட்டாவது பிள்ளையையும் ஒன்பதாவது பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறோம். இந்த இரண்டாவது வழியில் போகவேண்டாம் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். ஒரு பிள்ளை சத்தியெடுக்க அதைத் துடைத்துக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்தில் மற்றவர்களைப் பார்க்க எத்தனை கண் வேண்டும் என்பது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். கிணறு உள்ள வளவுகளில் அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கைக்குழந்தையின் கணக்கு வேறு. முழுச் சம்பளத்துடனான மகப்பேற்று விடுமுறை 84 வேலைநாளில் முடிந்துவிடுவதால், கழுத்து இப்போதுதான் நின்ற பிள்ளையைக் கொண்டுவந்து கையில் தருகிறார்கள். திருகோணமலையில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் உண்டு. கிழக்கு மாகாணத்தின் தலைமை அலுவலகங்கள் இங்கே இருப்பதால் மட்டக்களப்பிலிருந்தும் கல்முனையிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் இளம் தாய்மார் இங்கே வந்து வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அம்மம்மாவோ அப்பம்மாவோ அருகில் இல்லை. போன ஆண்டு என்னிடம் வந்த நான்கு மாதப் பெண்குழந்தை போத்தலை வாயில் வைக்கவே மறுத்தாள். தாய் காலையில் எடுத்துத் தந்த பாலைச் சிறு கரண்டியால் கரண்டி கரண்டியாக, ஒரு வேளைக்கு முக்கால் மணித்தியாலம் மடியில் வைத்துப் புகட்டினேன். மூன்றாவது வாரத்தில்தான் போத்தலுக்குப் பழகினாள். அந்த முக்கால் மணித்தியாலமும் மற்ற ஆறு பேரும் என் உதவியாளரின் பொறுப்பில் இருந்தார்கள். ஒரு கைக்குழந்தை இரண்டு பெரிய பிள்ளைகளின் வேலையைக் கேட்கிறது என்பதால் அதற்கு 19,000 வாங்குகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை. ஒரே கட்டணம் என்று வைத்திருப்பவர்கள், பெரிய பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து எடுத்துத்தான் கைக்குழந்தையைப் பார்க்கிறீர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வராத நாட்களின் பிரச்சினைதான் நமக்குள் அதிக மனக்கசப்பைத் தருவது. ஆசிரியத் தாய்மார் பாடசாலை விடுமுறையில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, அந்த மாதத்துக்குப் பாதிதானே என்று கேட்பார்கள். அவர்கள் பக்கத்தில் அது நியாயமாகவே தெரியும். ஆனால் பிள்ளை வராத நாளிலும் அவனுடைய இடத்தை நான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, உதவியாளரின் சம்பளத்தையும் வெட்ட முடியாது. குறைவது உணவு மட்டும். எனவே ஒரு வாரத்துக்கு மேல் வராவிட்டால் உணவுக்கான நாளாந்த 150 ரூபாவை மட்டும் கழித்துக்கொள்கிறேன், இடத்துக்கான பணம் முழுமையாகவே வரும் என்று சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். ஆண்டில் இருபத்தைந்து நாளளவில் வரும் பௌர்ணமி உள்ளிட்ட அரச விடுமுறைகளுக்குக் கழிவு இல்லை. மாறாக, நான் மூடினால் பொறுப்பு என்னுடையது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. முதல் மூன்று நாளை நானும் பெற்றோரும் பொதுவான கஷ்டமாக எடுத்துக்கொள்வது, அதற்கு மேற்பட்ட நாட்களுக்கு நான் கழித்துக்கொள்வது என்ற ஒழுங்கு முன்பே எழுதப்பட்டிருந்ததால் எவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2020இல் இந்த ஒழுங்கு இல்லாததால் எனக்கும் பெற்றோருக்கும் நடந்த சங்கடத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மாலையில் தாமதமாக வருவதற்கு அரைமணித்தியாலத்துக்கு 200 ரூபா என்று வைத்திருக்கிறேன். அலுவலகம் 4.15க்கு முடிகிறது, ஐந்தேகால் வரை நான் எதுவும் கேட்பதில்லை. வைத்தியசாலையில் முறைமாறி வேலை செய்யும் தாதி உத்தியோகத்தர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுடைய மாத நேர அட்டவணையை முன்கூட்டி வாங்கி, நாட்கணக்கில் கட்டணம் வைப்பதே இரு பக்கத்துக்கும் நல்லது.

இனி உயர்த்துவதைப் பற்றி. எப்போது என்பதில் நான் பல முறை தடுமாறியிருக்கிறேன். ஜனவரி வசதியான மாதம்போலத் தெரியும். ஆனால் பொங்கலும், புதிய வகுப்புக்குச் சப்பாத்தும் கொப்பியும் புத்தகப்பையும் வாங்குவதும் அந்த மாதத்தையே தின்றுவிடும். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு. ஆகவே ஜனவரி முதல் வாரத்தில் அறிவித்து மார்ச் 1ஆம் திகதி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று வைத்துக்கொண்டேன். வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வாசிக்கப்படுவதால், சம்பளம் கூடுமா கூடாதா என்பதும் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எவ்வளவு என்பதைக் கொப்பி சொல்லும். வழக்கமான ஆண்டில் அது ஏழிலிருந்து பத்து வீதத்துக்குள் வந்துவிடுகிறது.

இந்த ஆண்டு நான் கொடுத்த கடிதத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன். வேண்டியவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம்.

“அன்புள்ள பெற்றோருக்கு, 2026 மார்ச் 1ஆம் திகதி முதல் மாதக் கட்டணம் 13,500 ரூபாவிலிருந்து 14,500 ரூபாவாகும். உதவியாளரின் சம்பளத்தையும் உணவுச் செலவையும் கணக்கிட்டு இதைத் தீர்மானித்துள்ளேன். பிள்ளைகளின் எண்ணிக்கை ஏழுக்கு மேல் கூட்டப்படமாட்டாது. நேரமும் உணவும் இப்போதுள்ளபடியே இருக்கும். இதில் கஷ்டம் உள்ளவர்கள் ஜனவரி 31ஆம் திகதிக்கு முன் என்னுடன் தனியாகப் பேசவும். அடுத்த மாற்றம் 2027 மார்ச்சுக்கு முன் இராது.”

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் “மன்னிக்கவும்”, “வேறு வழியில்லாமல்”, “தவறாக எண்ணவேண்டாம்” என்ற சொற்கள் இருந்தன. அவற்றை எடுத்த பிறகுதான் கடிதம் நேராக நின்றது. மன்னிப்புக் கேட்கும்போது பிழை செய்கிறோம் என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். கடைசி வரியைக் கட்டாயம் சேருங்கள். அடுத்த உயர்வு எப்போது என்று தெரிந்தால், இந்த உயர்வை மனிதர் தாங்கிக்கொள்வார்கள். கடிதத்தைப் பிள்ளையின் பையில் தண்ணீர்ப் போத்தலுக்குக் கீழே வைத்து அனுப்பலாம் என்று எனக்கும் ஆசை வந்தது. அப்படிச் செய்யாமல் ஒவ்வொருவருடைய கையிலும் கொடுத்தேன். ஒரு தாய் ஓட்டோவில் ஏறியிருந்து அங்கேயே பிரித்து வாசித்தார். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசித்து முடித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, “ஆயிரம்தானே அக்கா, மார்ச்தானே” என்றார். இம்முறை ஏழு பேரில் ஒருவரும் பிள்ளையை நிறுத்தவில்லை.

ஒருவர் மட்டும் தனியாகப் பேச வந்தார். புடவைக் கடையில் நிற்பவர். தனியாகப் பிள்ளையை வளர்ப்பவர். அவருக்கு 10,000 என்று வைத்திருக்கிறேன். சலுகை கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வருமானத்தில் மாதம் 4,500 ரூபா குறைகிறது என்பதைக் கொப்பியில் எழுதிவிட்டுக் கொடுக்கிறேன். ஒரு நேரத்தில் ஓர் இடம்தான் அப்படி வைக்க என்னால் முடியும். கேட்கத் துணிந்தவருக்கெல்லாம் குறைத்து, வாய் திறக்காதவரிடம் முழுத் தொகையும் வாங்குவது நியாயமில்லை.

விலை குறைந்தால் குறைப்பீர்களா என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டதையும் சொல்லவேண்டும். 2025 ஜனவரியில் மின்கட்டணம் 20 வீதம் குறைந்தபோது கேட்டார். கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. கொப்பியைத் திறந்து காட்டினேன்: மொத்தச் செலவில் மின்சாரம் சிறு பங்கு, அதில் மிச்சமானதை ஏழாகப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு நூறு ரூபாவும் வராது. அந்த ஜூனில் 15 வீதம் மீண்டும் கூடியபோது நான் கட்டணத்தைத் தொடவில்லை என்பதையும் அவர் கவனித்தார். கொப்பியைப் பெற்றோருக்குக் காட்டலாம்; ஒளிக்க அதில் ஒன்றுமில்லை.

நம்மில் சிலர், பெற்றோரிடமே பழகிவிட்டோம், பிள்ளை நம் பிள்ளை மாதிரி, இதில் என்ன கணக்கு என்று நினைப்பதை நான் அறிவேன். என்னை “அன்ரி” என்று கூப்பிடும் ஏழு பேரிடமும் எனக்குள்ள பாசத்தை எவரும் அளக்க முடியாது. அதற்கு நான் ஒரு சதமும் கேட்கவில்லை. சோற்றுக்கும், சவர்க்காரத்துக்கும், காலையிலிருந்து மாலைவரை இடுப்பில் தூக்கியபடி நிற்கும் உழைப்புக்கும்தான் கேட்கிறேன். அது கிடைக்காத வீடுகளில் அன்பான பெண்கள் நோயாளிகளாகி இந்த வேலையை விட்டுவிட்டுப் போனதை மனையாவெளியிலும் பாலையூற்றிலும் பார்த்திருக்கிறேன். அவர்கள் போன பின் அந்தத் தெருக்களின் தாய்மார் பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல் அலைந்ததையும் பார்த்தேன்.

எல்லோரும் ஒரே விலை வைக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. உவர்மலையின் செலவு அன்புவழிபுரத்துக்கு இல்லை. வாடகை வீட்டில் நடத்துபவருக்கும் சொந்த வீட்டில் நடத்துபவருக்கும் கணக்கு ஒன்றல்ல. நிலாவெளிப் பக்கத்தில் விடுதிகளில் வேலை செய்யும் தாய்மாரின் நேரமும் வேறு. புதிதாகத் தொடங்கும் தங்கை குறைந்த விலை சொன்னால் அவளைக் குறைகூறவும் வேண்டாம். 2018இல் நானும் அதைத்தான் செய்தேன். அவளை அழைத்து, கணக்கு எழுதும் விதத்தைக் காட்டிக்கொடுப்போம். அதற்காக ஆண்டுக்கு ஒருமுறையாவது நாம் சந்திக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

வருகிற டிசம்பர் மாதப் பௌர்ணமி விடுமுறையன்று, பிள்ளைகள் வராத நாள் என்பதால், பிற்பகல் மூன்று மணிக்கு என் வீட்டு விறாந்தையில் கூடுவோம். ஜனவரியில் கடிதம் கொடுக்க விரும்புபவர்களுக்கு அப்போது ஏறத்தாழ இரண்டு வாரம் இருக்கும். வரும்போது கடந்த மூன்று மாத மின்கட்டணச் சிட்டையையும், கடைக் கணக்கையும், எழுதாத கொப்பி ஒன்றையும் கொண்டுவாருங்கள். கணக்குப் போடத் தயக்கமுள்ளவர்களுக்கு அருகிலிருந்து எழுதித் தருகிறேன். தமிழில் எழுத வராத சகோதரிகளுக்குச் சிங்களத்தில் எழுதித்தர என் மகள் இருப்பாள். கைக்குழந்தை உள்ளவர்கள் குழந்தையுடனேயே வரலாம். ஏணை கட்டியே இருக்கும்.

இப்படிக்கு,
உவர்மலையில் ஏழு பிள்ளைகளைப் பராமரிக்கும் உங்கள் சகோதரி
திருகோணமலை